பச்சைப் பூசணிச் சம்பல்: பயிரும் பக்குவமும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அடுத்து வாழும் மக்கள் நன்கறிந்த மரக்கறிகளுள் பூசணி ஒன்றாகும். சிலர் இதனைப் பறங்கிக்காய் என்றும் வழங்குவர். சிங்களத்தில் இது வட்டக்கா எனப்படும். சாம்பல் பூத்த தோலையும் வெண்மையான சதையையும் உடைய நீற்றுப்பூசணி வேறு, மஞ்சட் சதையையுடைய இப்பூசணி வேறு. இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படுவது மஞ்சட் பூசணியைப் பற்றியதேயாகும்.

குளிர் நாடுகளில் இக்காயைக் கோடை முடிவில் முற்றவிட்டுப் பறித்து, பனிக்காலம் முழுவதும் வைத்து உண்பர். அது காரணமாக அந்நாட்டார் இதனைக் குளிர்காலப் பூசணி என்பர். அங்கே இதனை வேகவைத்து உண்பதோடு, துருவியும் மெல்லிய சீவல்களாகச் சீவியும் பச்சையாகவே இலைவகைகளோடு கலந்து உண்ணும் வழக்கமும் உண்டு. நம் நாட்டிலோ பூசணி என்றால் கறி அல்லது குழம்பு என்ற எண்ணமே நிலைத்துவிட்டது. கரட்டைத் துருவிச் சம்பல் செய்கின்றோம். வல்லாரையை அரிந்து சம்பல் செய்கின்றோம். வெள்ளரிக்காயைச் சீவித் தயிர்ப் பச்சடி செய்கின்றோம். அதே முறையிற் பூசணியையும் உண்ணலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

“பூசணிக்காயைப் பச்சையாகவா தின்பது, பிள்ளை?” என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் கேட்பது இயல்பே. அக்கேள்வியைத் தள்ளிவிடலாகாது. பச்சையாக உண்ணும் எந்தக் காய்க்கும் கூடிய கவனம் வேண்டும். எந்தக் காய் ஏற்றது, எதனைத் தள்ள வேண்டும், எவ்வாறு கழுவ வேண்டும் என்பவற்றை அறிந்து செய்தால் பூசணிச் சம்பல் நல்ல உணவாகும். அறியாது செய்தால் தீங்கும் நேரலாம். ஆதலால் பயன், ஆபத்து ஆகிய இரண்டையும் கமக்காரரும் இல்லத்தரசிகளும் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

பச்சையாக உண்பதன் பயன்

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுப் பகுப்பாய்வு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைப் பூசணிச் சதையில் ஏறக்குறைய 92 கிராம் நீர் உண்டு. எஞ்சிய பகுதியில் 1 கிராம் புரதமும், 9 மில்லிகிராம் உயிர்ச்சத்து சீயும், 340 மில்லிகிராம் பொட்டாசியமும் அடங்கும். அதனாற் கிடைக்கும் சக்தி 26 கலோரி மட்டுமே. சோறும் ரொட்டியும் கிழங்கும் மிகுதியாக உண்ணும் குடும்பத்திற்கு வயிற்றை நிரப்பும் பொருளாக அன்றி, அவ்வுணவிற் குறையும் சத்துக்களைச் சேர்க்கும் பொருளாகவே பூசணியைக் கருதவேண்டும்.

சதையின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் கரோட்டின் என்னும் பொருளாகும். இது உடலிலே உயிர்ச்சத்து ஏயாக மாறும். கண்பார்வைக்கும், தோலின் நலத்திற்கும், நோயை எதிர்க்கும் வலிமைக்கும் இது வேண்டப்படுகின்றது. சதையின் நிறம் எவ்வளவு ஆழ்ந்ததாக உள்ளதோ அவ்வளவு கரோட்டின் மிகுதி எனப் பொதுவாகக் கொள்ளலாம். வெளிறிய சதையுள்ள காயைவிடச் செம்மஞ்சட் சதையுள்ள காயே சிறந்தது.

இங்கே இரண்டு உண்மைகளை ஒருங்கே நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது, உயிர்ச்சத்து சீ வெப்பத்தால் அழியும். வேகவைத்த நீரைக் கொட்டினால் அந்நீரோடும் போகும். பச்சையாக உண்ணும்போது இவ்விழப்பு நேராது. இரண்டாவது, கரோட்டின் பச்சைச் சதையின் நுண்ணறைகளுள் அடைபட்டுக் கிடக்கும். வேகும்போது அவ்வறைகள் நெகிழ்வதால் அது உடலிற் சேர்வது எளிதாகின்றது. எனவே பச்சையாக உண்ணுவதே எல்லாவகையிலும் மேல் என்று கூறுவது தவறு. கறியும் வேண்டும், சம்பலும் வேண்டும். சம்பலுக்குக் காயை மிக நுண்ணிதாகத் துருவினால் அவ்வறைகள் ஓரளவு உடைபடும். கரோட்டின் கொழுப்பிற் கரைவதாதலால் தேங்காய்ப் பூவோ, கெட்டித் தேங்காய்ப் பாலோ சிறிது சேர்த்தல் இன்றியமையாதது. நம்மவர் சம்பலிலே தேங்காய் சேர்க்கும் வழக்கம் சுவைக்கு மட்டுமன்றிச் சத்துக்கும் ஏற்றதேயாகும்.

பருப்பு, கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதற்கு உயிர்ச்சத்து சீ துணைபுரிகின்றது. பூசணியில் அது அளவாகவே உள்ளதாயினும், சம்பலிற் பிழியும் தேசிக்காய்ப் புளியும் அதனைக் கூட்டுகின்றது. ஆனால் உணவோடு தேநீர் அருந்தினால் இந்த நன்மை பெரிதும் குறைந்துவிடும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். தோட்டங்களிலே உணவு முடிந்த கையோடு சாயத் தேநீர் அருந்தும் பழக்கம் மிகுதி. அதனை ஒரு மணி நேரம் பிந்தி அருந்துவதற்குச் செலவு ஏதுமில்லை. இரத்தக் குறைவுள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அதனாற் பயனுண்டு.

இவற்றை வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர்; தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். 2022ஆம் ஆண்டிலே பொருள்களின் விலை ஏறியபோது, அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைக் காட்டிலும் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்தது. கடையில் வாங்கும் மரக்கறியை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் அப்போது பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். லயத்தின் அருகே நின்ற ஒரு பூசணிக்கொடி அக்காலத்திற் பெரிய உதவியாக இருந்திருக்கும். ஒரு பூசணிக்கொடியால் மட்டும் பிள்ளையின் வளர்ச்சிக் குறை தீர்ந்துவிடாது. ஆயினும் நாள்தோறும் தட்டில் விழும் சோற்றுக்கு அருகே நிறமுள்ள ஒரு மரக்கறி இருத்தல் அதற்கு வேண்டிய படிகளுள் ஒன்றாகும்.

கசக்கும் காயை உண்ணலாகாது

இப்பிரசுரத்தில் மிக முக்கியமாகக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய கொடிகளின் இனத்திற் குக்கர்பிற்றசின் என்னும் கசப்பு நஞ்சு இயற்கையாகவே உண்டு. விலங்குகளும் பூச்சிகளும் தம்மை உண்ணாதிருக்கும்பொருட்டுக் காட்டுக்கொடிகள் இதனைக் கொண்டுள்ளன. மெக்சிக்கோ நாட்டின் வகாக்கா மாநிலத்துக் குகையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட பூசணி விதைகள் மனிதர் அதனை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே பயிரிட்டனர் என்பதைக் காட்டுகின்றன. அக்காலந் தொட்டு மக்கள் கசப்பில்லாத காய்களின் விதைகளையே தெரிந்தெடுத்து விதைத்து வந்தமையாலேயே இன்று நாம் உண்ணும் பூசணி இனிப்பாக உள்ளது. ஆயினும் கலப்பு மகரந்தச் சேர்க்கையினால், எப்போதோ ஒரு கொடியில் அப்பழைய கசப்பு மீண்டும் தோன்றுதல் கூடும்.

இதன் விளைவு கடுமையானது. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான பூசணியினக் காயைச் சமைத்துண்ட 79 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தார். 2010ஆம் ஆண்டில் தில்லியிற் கசந்த சுரைக்காய்ச் சாறு அருந்திய ஒருவர் இறந்தார். அதன் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, கசக்கும் சுரைக்காயின் சாற்றை அருந்தலாகாது என அறிவுறுத்தியது. 2018ஆம் ஆண்டிற் பிரான்சிலிருந்து வெளியான மருத்துவக் குறிப்பொன்றிலே, கசந்த பூசணியினக் காயை உண்ட பெண்கள் இருவருக்கு வாந்தி முதலியவை கண்டு, சில வாரங்களில் தலைமயிர் உதிர்ந்ததெனக் கூறப்பட்டுள்ளது.

இந்நஞ்சு வேகவைப்பதனால் அழிவதில்லை. உப்பிட்டுப் பிழிந்தாலும் முற்றாக நீங்குவதில்லை. நம் மக்களிடையே “கசப்பு வயிற்றுக்கு நல்லது” என்ற எண்ணம் உண்டு. பாகற்காயின் கசப்பு வேறு, பூசணியின் கசப்பு வேறு. பாகற்காய் கசப்பதே அதன் இயல்பு; பூசணி கசப்பது அதன் குற்றம். ஆகையாற் பாகற்காயை உண்டு பழகியவர் பூசணியின் கசப்பையும் பொறுத்துக்கொண்டு உண்பது பேராபத்தாகும்.

இதற்கான சோதனை எளிது. காயை வெட்டியவுடன், உப்போ புளியோ மிளகாயோ சேர்க்குமுன், காம்புப் பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் நகத்தளவு சிறு துண்டு எடுத்து நாவின் நுனியில் வைத்துப் பார்க்கவேண்டும். கசந்தால் உடனே துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மிளகாயும் தேசிக்காயும் சேர்த்தபின் சுவைத்தாற் கசப்புத் தெரியாமற் போகலாம். எனவே சோதனை முதலிலேயே நடைபெறவேண்டும். சோதனை செய்பவர் வளர்ந்தவராக இருத்தல் வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாகாது. கசந்த காயை உண்டபின் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம், தலைச்சுற்று என்பன கண்டாற் கைவைத்தியம் செய்து காலங்கடத்தாது, வைத்தியசாலைக்கு உடனே செல்லுதல் வேண்டும். என்ன காய் உண்ணப்பட்டது என்பதையும் வைத்தியரிடம் கூறவேண்டும்.

கசந்த காயின் விதையை ஒருபோதும் வைத்திருக்கலாகாது. கமக்காரர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். வேற்றுக்கொடியின் மகரந்தம் இவ்வாண்டுக் காயின் சதையை மாற்றாது. அக்காயினுள் இருக்கும் விதையையே மாற்றும். ஆகவே இவ்வாண்டு இனித்த காயின் விதையிலிருந்து முளைத்த கொடியிலே அடுத்த போகத்திற் கசப்புத் தோன்றலாம். தானே முளைத்த கொடியின் காய்களுக்கும், பெயர் தெரியாத விதையிலிருந்து வந்த காய்களுக்கும் இச்சோதனை இரட்டிப்பாக வேண்டப்படுகின்றது.

சம்பலுக்கு ஏற்ற காய்

பச்சையாக உண்பதற்கு இருவகைக் காய்கள் ஏற்றவை. ஒன்று, நகத்தால் அழுத்தினால் தோலில் நகம் இறங்கும் இளங்காய். இதன் சதை வெளிறியதாயினும் மென்மையாக, வெள்ளரிக்காயைப் போல இருக்கும். மற்றையது, நன்கு முற்றிச் சதை செம்மஞ்சளாகியும் உறுதி குன்றாத காய். இதுவே சத்து மிக்கது. பறித்தவுடன் இதன் சதையில் மாப்பொருள் மிகுந்திருக்கும். இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் மாப்பொருளின் ஒரு பகுதி சருக்கரையாக மாறிச் சுவை கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்துக் காய் சுவை குன்றியதாகையாற் கறிக்கே ஏற்றது.

நாராகப் பிரியும் சதையுள்ள காய், பழ ஈயின் துளையுள்ள காய், அடிபட்டு ஒரு பக்கம் நீர்த்த காய், பூஞ்சணம் பிடித்த காய் ஆகியவற்றைப் பச்சையாக உண்ணலாகாது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைச் சம்பலுக்கு எடுப்பதும் தவறு.

கழுவுதலும் வெட்டுதலும்

வேகவைத்த கறியில் நெருப்பு கிருமிகளைக் கொல்கின்றது. சம்பலில் அவ்வேலையை இல்லத்தரசியின் கையே செய்யவேண்டியுள்ளது. பூசணிக்காய் நிலத்திலே கிடந்து வளர்வது. அதன் தோலில் மண்ணும், மண்ணோடு புழு முட்டைகளும், ஆட்டு மாட்டுச் சாணத்தின் கிருமிகளும் ஒட்டியிருத்தல் கூடும். தோலை உண்ணாவிடினும் கத்தி தோலை ஊடுருவிச் செல்லும்போது அவ்வழுக்குச் சதையிற் சேர்ந்துவிடும். ஆகையால் முதலில் முழுக்காயைத் தேங்காய்த் தும்பினால் நன்கு தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே வெட்டவேண்டும்.

பல தோட்டங்களிற் பீலித் தண்ணீரே வீட்டுக்குப் பயன்படுகின்றது. மழைக்காலத்தில் அந்நீர் கலங்கி வரும். மேட்டு லயங்களின் மலசலகூடக் கழிவும் மாட்டுத் தொழுவத்துக் கழிவும் அதிற் கலக்க இடமுண்டு. முழுக்காயைப் பீலி நீரில் மண்போகக் கழுவிய பின், கடைசியாகக் கொதித்தாறிய நீரினாற் கழுவுதல் வேண்டும். வெட்டிய சதையைக் கழுவவேண்டியிருந்தாற் கொதித்தாறிய நீரையே பயன்படுத்தல் வேண்டும். கை, கத்தி, துருவி, பலகை, பாத்திரம் யாவும் சவர்க்காரமிட்டுக் கழுவப்படவேண்டும். மீனோ இறைச்சியோ வெட்டிய பலகையிற் சம்பலுக்குரிய காயை வெட்டலாகாது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களாகும். இந்நோய் பெரும்பாலும் எலிச்சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் கால் புண்ணுடன் இறங்குவதனால் வருவது. வயலில் இறங்கும் கமக்காரர் இதுபற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுதல் வேண்டும். எலி ஓடும் இடத்தில் உணவுப்பொருளை வைக்காதிருத்தலும் அவசியமாகும். பூசணிக்காயை லயத்து மூலையில் நிலத்திற் போட்டு வைக்காமல், பரணிலோ தொங்கும் உறியிலோ வைப்பது நன்று. எலி கடித்த காயை எவ்வகையிலும் உண்ணலாகாது.

முற்றிய காயின் தோல் கடினமானது. கையிற் பிடித்து வெட்டினாற் கத்தி வழுக்கிக் காயம் உண்டாகும். ஈரத்துணியொன்றை மடித்துப் பலகையில் விரித்து, காயை அதன்மேல் ஆடாமல் இருத்தி, முதலில் இரண்டாகவும் பின்னர் கீற்றுகளாகவும் வெட்டவேண்டும். விதையையும் பஞ்சையும் கரண்டியாற் சுரண்டி நீக்கியபின், ஒவ்வொரு கீற்றாகத் தட்டையாக வைத்துத் தோலைச் சீவவேண்டும். பின் சதையைக் கரட் துருவும் துருவியில் நுண்ணிய பக்கமாகத் துருவுதல் வேண்டும்.

பக்குவங்கள்

பூசணிச் சம்பல்: ஐவருக்கு வேண்டியவை: துருவிய பூசணிச் சதை 250 கிராம், சின்ன வெங்காயம் ஐந்து, பச்சை மிளகாய் இரண்டு, தேங்காய்ப் பூ ஒரு கைப்பிடி, தேசிக்காய் பாதி, மாசி சிறிது, உப்பு அளவாக. துருவிய சதையில் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் அது இளகும். ஊறிய நீரைக் கொட்டாமற் பருப்புக் கறியிற் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் வெங்காயத்தையும் மிளகாயையும் மெல்லிதாக அரிந்து, இடித்த மாசியோடு கலந்து, தேங்காய்ப் பூவைச் சேர்த்து, பரிமாறும் நேரத்திலே தேசிக்காய் பிழியவேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர் மாசியை விட்டுவிடலாம்.

பூசணித் தயிர்ப் பச்சடி: மேற்கூறியவாறு துருவி இளக்கிய சதை ஒரு கோப்பைக்குக் கட்டித் தயிர் ஒரு கோப்பை சேர்க்கவேண்டும். சிறிது எண்ணெயிற் கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் ஒன்று தாளித்து, ஆறியபின் தயிரிற் கொட்டிக் கலக்கவேண்டும். காரம் விரும்பாத பிள்ளைகளுக்கு இது ஏற்றது.

பூசணியும் பயறும்: பாசிப்பயற்றை ஊறவைத்து, குழையாமல் அவித்து ஆறவிட வேண்டும். இரண்டு பங்கு பயற்றுக்கு ஒரு பங்கு துருவிய பூசணி, தேங்காய்ப் பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கலந்தாற் காலை உணவுக்கே போதுமானதாகும். பயற்றின் புரதமும் பூசணியின் கரோட்டினும் ஒரு தட்டிற் சேர்கின்றன.

இளம்பூசணியும் வல்லாரையும்: இளங்காயைத் தோல் சீவி நூல் போல அரிந்து, வல்லாரைச் சம்பலிற் சரிபாதியாகச் சேர்க்கலாம். வல்லாரை சேற்று நிலத்தில் வளர்வதாகையால் அதன் இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவுதல் வேண்டும்.

முதன்முறை உண்பவர் இரண்டு மேசைக்கரண்டி அளவோடு தொடங்குவது நன்று. பச்சைச் சதை சிலருக்கு வயிற்றிற் காற்றை உண்டாக்கும். ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கலாகாது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அவித்து மசித்த பூசணியே தக்க உணவாகும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும் துண்டுகளாகக் கொடாமல் நுண்ணிதாகத் துருவியே கொடுத்தல் வேண்டும். கடினமான துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

செய்த சம்பலை அவ்வேளையிலேயே உண்டு முடிக்கவேண்டும். காலையிற் செய்து கொழுந்து மலைக்கு எடுத்துச் சென்று வெயிலில் வைத்திருந்து மதியம் உண்பது நன்றன்று. மலைக்குக் கறியாக எடுத்துச் சென்று, இரவு உணவுக்குச் சம்பலாகச் செய்துகொள்வது ஏற்றது. வெட்டிய காயில் முதல் நாள் மட்டுமே சம்பல் செய்யலாம். எஞ்சியதன் விதையையும் பஞ்சையும் நீக்கி மூடிவைத்து, மறுநாட் கறியாக்கிவிட வேண்டும். காய் பெரிதாயின் அயலாரோடு கீற்றுகளாகப் பகிர்ந்துகொள்ளுதல் வீணாவதைத் தடுக்கும். விதைகளைக் கழுவி உலர்த்தி வறுத்துண்ணலாம். கொழுந்துகளையும் இளம் இலைகளையும் வறையாகச் சமைக்கலாம்.

பயிரிடும் முறை

உலர் வலயத்தில் மழையை நம்பிப் பெருமளவிற் பூசணி பயிரிடப்படுகின்றது. இரத்தினபுரி மாவட்டத்திலேயே எம்பிலிப்பிட்டிய, உடவளவைப் பகுதிகள் இதற்கு ஏற்றவை. ஆனால் இரத்தினபுரி நகரை அடுத்த பகுதிகளிலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களிலும் மழை மிகுதி. மே மாதத் தென்மேற்குப் பருவமழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் பூ உதிர்ந்து, இலையில் நோய் கண்டு, காய் அழுகிவிடும். இப்பகுதிகளிற் டிசெம்பரில் விதைத்தாற் சனவரி, பெப்ரவரி மாதங்களின் வெயிலிற் பூத்து, பெருமழை தொடங்குமுன் காய் முற்றும்.

விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த வருக்கங்களுள் ருகுணு, மீமினி என்பன குறிப்பிடத்தக்கவை. நாற்புறமும் ஏறக்குறைய ஓரடியாகக் குழி வெட்டி, நன்கு மக்கிய கூட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு மூன்று நான்கு விதை இட்டு, முளைத்தபின் வலிய இரண்டை விட்டு மற்றவற்றை நீக்கவேண்டும். குழிகளுக்கிடையில் 2 முதல் 3 மீற்றர் இடைவெளி போதுமானது. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது கூட்டெரு செய்யக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் பல. அப்பழக்கத்தை விட்டுவிடலாகாது. ஆனால் பச்சையாக உண்ணும் காய்க்கு மக்காத பச்சைச் சாணத்தை இடுவதோ, சாணநீரைக் காயின் மேல் ஊற்றுவதோ கூடாது.

வயல் உடையவர் அகன்ற வரம்பிலும் வயலோர மேட்டிலும் கொடியைப் படரவிடலாம். லயத்தில் வாழ்வோர் ஒரு குழியிட்டுப் பந்தலில் ஏற்றலாம். காய்க்குத் தாங்குகயிறு கட்டினாற் போதும். காய் நிலத்தைத் தொடாமையால் மண்ணும் கிருமியும் ஒட்டுவது குறையும். செங்குத்தான சரிவைப் புதிதாக வெட்டிப் பயிரிடுவது மிகத் தவறு. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நிகழ்ந்த மண்சரிவை எவரும் மறந்திரார். வீட்டின் பின்புற மேட்டைத் தோண்டாமல், தட்டையான முற்றத்தையும் வேலியோரத்தையும் பயன்படுத்தவேண்டும். தேயிலை மலையிற் களைநாசினி தெளிக்கும் ஓரத்திலும் உண்ணும் பயிரை நடலாகாது.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உண்டு. பெண் பூவின் அடியிற் சிறு பிஞ்சு காணப்படும். மழைத் தூறலுள்ள காலையில் தேனீக்கள் வாராமையாற் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அவ்வாறான நாள்களில், காலை எட்டு மணிக்கு முன் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலே தடவிவிட்டாற் காய் பிடிக்கும்.

பழ ஈ இளங்காயைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளே சதையைத் தின்னும். காய் முட்டையளவு ஆனவுடன் கடதாசிப் பையினாலோ துணியினாலோ மூடிக் கட்டுவதே சிறந்த காப்பாகும். துளைபட்டு விழுந்த காய்களை நாள்தோறும் பொறுக்கி, தண்ணீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்தியோ ஆழப் புதைத்தோ அழிக்கவேண்டும். அயலார் யாவரும் சேர்ந்து செய்தாலன்றி இதனாற் பயன் குறைவு. மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாயின், போத்தலின் மேல் அச்சிட்ட காத்திருப்பு நாள்கள் முடியுமுன் காயைப் பறிக்கலாகாது. பச்சையாக உண்ணும் காய்க்கு இவ்விதி மிகக் கண்டிப்பானது.

அறுவடையும் விற்பனையும்

விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்திற் காய் முற்றும். காம்பு உலர்ந்து தக்கையைப் போலாகும். தோலில் நகம் இறங்காது. காம்பில் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தியால் வெட்டுதல் வேண்டும். காம்பு முறிந்த காயினுள் அவ்வழியே அழுகல் நுழையும். வெட்டிய காய்களை ஒரு வாரம் முதற் பத்து நாள் வரை நிழலும் காற்றோட்டமும் உள்ள உலர்ந்த இடத்திற் பரப்பிவைத்தாற் தோல் உறுதியாகும். அதன்பின் ஒன்றையொன்று தொடாமற் பரணில் வைத்தால் இரண்டு மாதமளவு கெடாதிருக்கும்.

ஒரே காலத்தில் யாவரும் பூசணியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும்போது விலை விழுந்து, வண்டிக்கூலிக்கும் காணாமற் போவதைக் கமக்காரர் அறிவர். தோட்டக் குடும்பம் ஐந்து கிலோகிராம் காயை வாங்கி வைத்து உண்ண இயலாது. ஒன்றரைக் கிலோகிராம் காயை எளிதில் வாங்கும். ஆகையாற் சிறுகாய் வருக்கங்களை நடுதலும், இடைவெளியைச் சற்றுக் குறைத்துக் காயின் பருமனைக் கட்டுப்படுத்தலும் ஆராயத்தக்கவை. சம்பளம் போடும் நாளில் தோட்டச் சந்திகளிற் சிறுகாய்களைக் கொண்டு விற்றால் இடைத்தரகரின்றிக் கமக்காரருக்கும், நியாய விலையில் தோட்டத் தொழிலாளருக்கும் நன்மையுண்டு.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. உப்பும் புளியும் சேர்க்குமுன் காயைச் சுவைத்துப் பார்க்கவும். கசந்தால் எறிந்துவிடவும்.
2. முழுக்காயைக் கழுவிய பின்னரே வெட்டவும். இறுதியிற் கொதித்தாறிய நீரைப் பயன்படுத்தவும்.
3. நுண்ணிதாகத் துருவித் தேங்காயோடு சேர்த்து உண்ணவும்.
4. வெட்டிய நாளிற் சம்பல், மறுநாட் கறி.
5. உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் பிந்தி அருந்தவும்.
6. கசந்த காயின் விதையை வைத்திருக்கவேண்டாம்.

ஒரு குழி, நான்கு விதை, ஒரு கூடை கூட்டெரு என்பனவே இதற்கு வேண்டிய முதல். வயலுள்ளவரும் லயத்தில் வாழ்பவரும் வரும் போகத்தில் ஒரு பூசணிக்கொடியேனும் நட்டு, அதன் காயைக் கறியாகவும் சம்பலாகவும் உண்டு பயன்பெறுவாராக. விதை, பழ ஈப் பொறி முதலியன பற்றிய விபரங்களை அருகிலுள்ள கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் நேரில் கேட்டறிந்துகொள்ளலாம்.